கூலி என்ற சொல் எங்கே போனது?

பீடி சுற்றும் பெண்களிடம் பேசிப் பதிவு செய்தவற்றை எல்லாம் நான் தட்டச்சு செய்து முடித்தபோது நானூறு பக்கங்களுக்கு மேல் வந்திருந்தது. தென்காசிப் பக்கத்துச் சிற்றூர்களைச் சேர்ந்த பதினெட்டுப் பெண்கள். இலை வெட்டிக்கொண்டும் சொளவை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டும் அவர்கள் பேசியவை. தங்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பெண்கள் எந்தச் சொற்களை அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்ப்பது என் ஆய்வின் ஒரு பகுதி. கையால் எண்ணினால் ஒரு வருடம் ஓடிவிடும் என்று என் நெறியாளர் சொன்னார். “பைத்தான் கொஞ்சம் படிச்சுக்கோ, கணினியே எண்ணிக் கொடுத்துடும்” என்றார்.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். ‘நிரல்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர எழுதியதில்லை. ஆனாலும் பைத்தான் எனக்குப் பிடித்துப்போனது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கணினி அறிவியல் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது திறமூல மொழி. அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம். ‘யார் வேண்டுமானாலும்’ என்ற சொல்லில் நானும் அடக்கம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதம் இரவு நேரங்களில் படித்து ஒரு நிரல் எழுதினேன். உரையைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். பாடங்களில் சொல்லித் தந்தபடியே எழுதினேன். ஓடியது. அதிகம் வந்த ‘சொற்கள்’ என்று அது கொடுத்த பட்டியலின் தலையில் க, த, ப, ல, வ என்று ஒற்றை எழுத்துகள் நின்றன. பதினெட்டுப் பெண்களும் மூச்சுக்கு மூச்சு சொன்ன ‘கூலி’ பட்டியலில் எங்குமே இல்லை. ‘வேலை’ இல்லை. ‘பெண்’ இல்லை.

தட்டச்சு செய்த கோப்பைத் திறந்து ‘கூலி’ என்று தேடினேன். பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. கோப்பில் இருக்கும் சொல் பட்டியலில் இல்லை என்றால், தப்பு நான் எழுதிய நிரலில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். வேறு எதன் மீதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மொழி எப்படித் தப்பாக இருக்கும்? நேற்றுப் படிக்க ஆரம்பித்த நான்தான் ஏதோ தப்பு செய்திருப்பேன்.

மூன்று வாரம் யாரிடமும் கேட்கவில்லை. நிரலை அழித்து அழித்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் அதே க, த, ப.

அந்த மூன்று வாரத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த பேட்டி ஒன்று உண்டு. முப்பது வருடமாக பீடி சுற்றும் பெரியம்மா ஒருவர் பேசியது. சுற்றிய பீடியைக் கடைக்குக் கொண்டுபோனால் அங்கே சரியில்லை என்று ஒரு பகுதியைக் கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது. எது சரியில்லை என்று கேட்டதுண்டா என்று நான் கேட்டிருந்தேன். “கேக்க மாட்டோம் தாயி. நம்ம சுத்துனதுலதான் கோளாறுன்னு நெனச்சுக்கிடுவோம். இலையே அவன் குடுத்த இலைதான். பொத்த இலையா இருந்தாலும் பழி நமக்குத்தான்” என்றார். இதைத் தட்டச்சு செய்தவள் நான். அடிக்கோடிட்டு ஆய்வில் மேற்கோள் காட்டவும் குறித்து வைத்திருந்தேன். அதே மூன்று வாரம் நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கடைசியில் பெரியப்பா மகனிடம் கேட்டேன். அண்ணன் பெங்களூருவில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். என் மேல் பிரியம் உள்ளவன். “கோப்பை அனுப்பு, நானே முடிச்சுத் தாரேன். நீ எதுக்கு இதுல மண்டைய உடைக்க?” என்றான். அது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்குத் தேவைப்பட்டது விடை மட்டும் இல்லை. ஏன் உடைகிறது என்று தெரிய வேண்டும். கல்லூரி ஆய்வகத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் தடுமாறினால் நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து “இந்த வரியைப் பாரு” என்பார்கள். ஒரு பெண் தடுமாறினால் “கொஞ்சம் நகருங்க” என்று சொல்லி விசைப்பலகையை வாங்கிக்கொள்வார்கள். இரண்டும் உதவி என்ற பெயரில்தான் நடக்கிறது. முதலாவதில் அவன் கற்றுக்கொள்கிறான். இரண்டாவதில் அவள் நன்றி சொல்லக் கற்றுக்கொள்கிறாள்.

அண்ணனுக்குக் கோப்பை அனுப்பவில்லை. நகரத்தில் மாதம் ஒருமுறை பைத்தான் பயனர்கள் கூடும் இடத்துக்குப் போனேன். நாற்பது பேர் இருந்த அறையில் நாங்கள் மூன்று பெண்கள். கேள்வி நேரத்தில் எழுந்து, “மன்னிக்கணும், இது ரொம்ப அடிப்படையான கேள்வியா இருக்கலாம், நான் கணினிப் பின்னணி இல்ல, தமிழ்த்துறை, தப்பா கேட்டா மன்னிச்சுக்குங்க” என்று தொடங்கினேன். கேள்விக்கு வருவதற்குள் பேச வந்தவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். “முதல்ல யூனிகோடுன்னா என்னன்னு படிச்சுட்டு வாங்க மேடம்” என்றார். சிலர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன்.

தேநீர் இடைவேளையில் அந்த மூவரில் ஒருவர் வந்து பக்கத்தில் நின்றார். நாற்பது வயதிருக்கும். மென்பொருள் சோதிப்பது அவர் வேலை. “ஏம்மா, நீ கேட்டது நல்ல கேள்வி. ஆனா பாதி நேரம் மன்னிப்புலயே போயிருச்சு. கேள்வி எதுன்னு அவருக்கும் புரியல, எனக்கும் புரியல” என்றார். மடிக்கணினியைத் திறக்கச் சொன்னார். விசைப்பலகையை அவர் தொடவில்லை.

“நானூறு பக்கத்தைத் தூக்கிப் போடு. ஒரே ஒரு சொல்லை வை.”

‘கூலி’ என்று வைத்தேன். அதைச் சொற்களாகப் பிரிக்கச் சொன்னேன். ஒரு சொல் வர வேண்டிய இடத்தில் இரண்டு துண்டு வந்தது: க, ல.

“இப்ப நாலு வரி எழுது. என்ன செஞ்ச, என்ன வரும்னு நெனச்ச, என்ன வந்துச்சு, பைத்தான் எந்தப் பதிப்பு. அவ்வளவுதான் கேள்வி. இதுல மன்னிப்புக்கு இடமே இல்ல பாரு.”

எனக்கு யாரும் சொல்லித் தராத பாடம் அதுதான். கேள்வி கேட்பது ஒரு வேலை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. நாம் யார், நமக்கு என்ன தகுதி என்பது அந்த முறையில் எங்கும் வருவதில்லை. அந்த நான்கு வரியை அக்காவும் நானும் எழுதி முடித்தபோது எனக்கே விளங்கிவிட்டது: என் நிரலில் தப்பு இல்லை.

நடந்தது இதுதான். கணினிக்குள் தமிழ் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் ‘கூ’ என்பது ஒரே குறியீடு அல்ல. ‘க’ ஒன்று, அதோடு சேரும் உகர நெடிலின் குறி இன்னொன்று. ‘லி’யும் அப்படியே. நமக்கு இரண்டு எழுத்தான ‘கூலி’ பைத்தானுக்கு நீளம் நான்கு. அதுவாவது பரவாயில்லை. சொற்களைப் பிரிப்பதற்குப் பாடங்களில் ஒரு குறியைச் சொல்லித் தருவார்கள்: பின்சாய்வுக்கோடு ஒன்று, அடுத்து டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து. ‘சொல்லில் வரக்கூடிய எழுத்து’ என்பது அதன் பொருள். பைத்தானோடு வரும் கருவியில் இந்தக் குறி எழுத்துகளையும் எண்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்கிறது. யூனிகோடு வகைப்பாட்டில் நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ வகையில் வருவதில்லை, ‘சேர்க்கைக் குறி’ என்ற வேறு வகையில் வருகின்றன. ஆகவே கொம்பும் காலும் புள்ளியும் வருகிற இடத்திலெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக அது எடுத்துக்கொள்கிறது. ‘பெண்’ என்று கொடுத்தால் ‘ப’, ‘ண’ என்று வரும். ‘அம்மா’ என்று கொடுத்தால் ‘அம’, ‘ம’ என்று வரும். ‘அவன்’ என்பதில் புள்ளி மட்டும் போகும்.

அன்று இரவு அக்கா சொன்னபடி பைத்தானின் குறைப் பதிவேட்டில் தேடினேன். மொழியில் யாருக்கு என்ன கோளாறு தென்பட்டாலும் அங்கே பதியலாம், உருவாக்குநர்கள் அங்கேயே விவாதிப்பார்கள். ரோமன் அல்லாத எழுத்துமுறைகளுக்கு இந்தக் குறி பயன்படவில்லை என்று 2007-ஆம் ஆண்டிலேயே ஒருவர் பதிந்திருந்தார். நான் பார்த்தபோது அது முடிக்கப்படாமலே இருந்தது. சேர்க்கைக் குறிகளையும் சொல்லின் பகுதியாகவே கொள்ள வேண்டும் என்பதுதான் யூனிகோடு அமைப்பின் பரிந்துரையும். “யூனிகோடு படிச்சுட்டு வாங்க” என்று என்னை உட்கார வைத்தார்களே, படித்துப் பார்த்தால் யூனிகோடு என் பக்கம் நின்றது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே 2007-இல்தான் 3131 என்ற எண்ணுள்ள மேம்பாட்டு முன்மொழிவு பைத்தான் உருவாக்குநர்களின் விவாதத்துக்கு வந்தது. மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளிலும் பெயர் வைக்கலாம் என்பது அந்த முன்மொழிவு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்க முடியாமல் போகும் என்று எதிர்ப்பு இருந்தது. தன் மொழியில் சிந்திக்கிறவர்களுக்கு, குறிப்பாகக் கற்கும் குழந்தைகளுக்கு, அது உதவும் என்று ஆதரவும் இருந்தது. முடிவில் ஏற்கப்பட்டு, 2008 டிசம்பரில் வந்த மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. இன்று பைத்தானில் ‘கூலி’ என்று ஒரு மாறிக்குப் பெயர் வைத்தால் முழுசாக ஏற்றுக்கொள்ளும். அதே பைத்தானிடம் ‘கூலி’ முழுக்க எழுத்துகளால் ஆன சொல்லா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். ஒரே மொழி ஒரு வாசலில் நம்மை உள்ளே அழைக்கிறது, அடுத்த வாசலில் அடையாள அட்டை கேட்கிறது.

இதில் யாரும் தமிழுக்கு எதிராகச் சதி செய்யவில்லை. குறியின் பொருளை மாற்றினால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் வேறு விடை கொடுக்கத் தொடங்கும் என்ற அச்சம் நியாயமானது. உருவாக்குநர்களில் பலர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த பிறகு இதைச் செய்கிறவர்கள். தங்களுக்கு வலிக்கிற இடத்தை முதலில் சரிசெய்வார்கள். அது இயல்பு. அதனால்தான் அந்த இடத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுகிறவர் இந்தக் கோளாறை வாழ்நாள் முழுக்கச் சந்திக்காமலே போகலாம். சந்திக்கிற நாம் அது நம் தப்பு என்று நினைத்து மூன்று வாரம் வாய்மூடி இருந்துவிடுகிறோம்.

பைத்தானின் வரலாற்றைத் தேடிப் படித்தது இதற்குப் பிறகுதான். நெதர்லாந்தைச் சேர்ந்த கீடோ வான் ராசம் அதை 1991-இல் வெளியிட்டார். நெடுங்காலம் கடைசி முடிவு அவருடையது. ‘வாழ்நாள் முழுக்கக் கருணையுள்ள சர்வாதிகாரி’ என்று வேடிக்கையாகவே அவருக்குப் பட்டம் இருந்தது. 2018-இல் ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது குறித்து நடந்த விவாதம் கசந்துபோய், அந்த முன்மொழிவை ஏற்ற பிறகு ஜூலையில் அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். சர்வாதிகாரிக்கே வாதாடிச் சலித்துப்போகும் இடம் அது என்று தெரிந்தபோது எனக்கு விசித்திரமான ஆறுதல் கிடைத்தது. 2019-இல் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழுவை உருவாக்குநர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் கேரல் வில்லிங் என்ற ஒரு பெண் இருந்தார்.

ஐந்தில் ஒன்று என்பதே அப்போது பெரிய மாற்றம். மொழியின் மூலத்தைத் திருத்தும் உரிமை பெற்ற மைய உருவாக்குநர்களில் முதல் பெண் மரியாட்டா விஜயா. இந்தோனேசியாவில் பிறந்து கனடாவில் வாழ்கிறவர். அவர் அந்த இடத்துக்கு வந்தது 2017-இல். மொழி பிறந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. பெண் உருவாக்குநர்கள் வேண்டும், தேவைப்பட்டால் நானே கற்றுத்தருகிறேன் என்று கீடோ ஒரு மாநாட்டு மேடையில் சொல்லியிருந்தார். மரியாட்டா அவருக்கு எழுதி, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டார். அவர் செய்த முதல் வேலை நிரல் எழுதுவது அல்ல, உதவி கேட்பது. அதற்கு முன்பும் திறமையான பெண்கள் இருந்திருப்பார்கள். கேட்கலாம் என்று யாராவது வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு ஒருத்தி கேட்க வேண்டியிருந்தது.

கதவு திறந்திருக்கிறது என்பதும் உள்ளே வா என்பதும் ஒன்றல்ல. திறமூலத் திட்டங்களுக்கு அனுப்பப்பட்ட திருத்தங்களை ஆராய்ந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் பெண்கள் அனுப்பியவை ஆண்களுடையதைவிட அதிக அளவில் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் திட்டத்துக்குப் புதியவர்களில், அனுப்பியவர் பெண் என்று அடையாளம் தெரிந்தபோது அந்த அளவு குறைந்தது. இதைப் படித்ததும், பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டுப் பதிவேட்டில் கணக்குத் தொடங்கிய என் கை எதற்காக அப்படிச் செய்தது என்று எனக்குப் புரிந்தது. அதை இப்போது முழுப்பெயராக மாற்றியிருக்கிறேன். எல்லாரும் மாற்ற வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெயரை மறைத்துக்கொள்வது சிலருக்குப் பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு மறைத்துக்கொள்கிறவள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

என் நிரலுக்கு வழி எளிதாகவே கிடைத்தது. அந்தக் குறியை நம்பாமல், யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய எண்வரிசைக்குள் வருவது எல்லாம் சொல்லின் பகுதி என்று எழுதினால் போதும். உயிர்க்குறியும் புள்ளியும் அந்த வரிசைக்குள்தான் இருக்கின்றன. ஒரே ஒரு வரி மாற்றம். தனியாக நிறுவிக்கொள்ளும் வேறொரு கருவியும் இருக்கிறது, அது நம் குறிகளைச் சரியாகவே கையாளுகிறது. இவற்றை எல்லாம் தமிழில் நான்கு பக்கமாக எழுதி எங்கள் துறையில் ஒட்டினேன். அடுத்த வருடம் வந்த இரண்டு மாணவிகள் அதைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்கள். ஒருத்தியின் நிரலில் வேறொரு கோளாறு. என் கை தானாக அவளுடைய விசைப்பலகையை நோக்கிப் போனது. இழுத்துக்கொண்டேன்.

திருத்திய நிரலை ஓட்டியபோது ‘கூலி’ 612 முறை வந்தது. கூலிய, கூலிக்கு, கூலில என்று வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களையும் சேர்த்துக் கூட்டியது அது. அவற்றைச் சேர்க்கும் வேலையை மட்டும் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது.

அந்தப் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். ஆய்வில் என்ன எழுதியிருக்கிறேன் என்று காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். சொளவை இறக்கி வைத்துவிட்டு, நான் வாசிக்கக் கேட்டார். கணினி முதலில் இந்தச் சொல்லையே விட்டுவிட்டதையும், ஏன் என்று நான் கேட்கப் போனதையும் சொன்னேன்.

“கோளாறு ஒங்கிட்ட இல்லன்னு தெரிஞ்சிருச்சுல்லா?”

“ஆமா பெரியம்மா.”

“அந்தப் பெட்டிக்காரன் ஒத்துக்கிட்டானா?”

“கோளாறு இருக்குன்னு எழுதி வச்சிருக்காங்க. இன்னும் சரிபண்ணல.”

தாளை வாங்கி அந்த எண்ணின் மேல் விரல் வைத்துப் பார்த்தார். “அறுநூத்தி சொச்சம் வாட்டி சொல்லியிருக்கோம். அப்பவும் கூலி கூடலயே தாயி” என்றார்.

சொளவை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். “நாளைக்குக் கடைக்குப் போகும்போது கேக்கணும், எந்த பீடி சரியில்ல, எடுத்துக் காட்டுன்னு. நாலு பேராப் போய்க் கேக்கணும்” என்றார். போனாரா, கேட்டாரா என்று அடுத்த முறை போகும்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் எடுத்துக்காட்டோடு நான் எழுதிய நான்கு வரியை, முழுப்பெயர் போட்டு, அந்தப் பழைய பதிவின் கீழ் சேர்த்துவிட்டேன்.